பொரி தின்னாத மீன்கள்

என் மகள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். படகுத்துறையின் ஈரப் பலகைமேல், விரிப்பு ஒன்றும் இல்லாமல், முகத்தை மட்டும் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு. வீட்டில் தலையணை மேல் ஒரு முடி கிடந்தால்கூட உதறிவிட்டுப் படுக்கிற பெண். பின்னலின் நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. அதைக்கூட எடுத்துவிடவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.

அதுதான் என்னைச் சுட்டது. படுத்திருந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், இடையில் சிரித்துக்கொண்டு. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை காலமாயிற்று. வீட்டில் எனக்குக் கிடைப்பது "ம்", "சரி", "தெரியலம்மா". ரேஷனில் அளந்து போடுவதுபோல மூன்று சொற்கள். மொத்த மூட்டையும் இங்கே, இந்தப் பலகைமேல், அவிழ்த்துக் கொட்டிக் கிடந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும், படகுகளைத் துடைப்பதும், உள்ளே சேர்ந்த தண்ணீரை இறைப்பதும் அவள் வேலை. நாற்பது வயதிருக்கும். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். இவள் இங்கேயே பிறந்தவள்தான், ஆனாலும் அம்மாவின் சொற்கள் சில இவள் வாயில் தங்கிவிட்டன. படகை வள்ளம் என்பாள். மனசுக்குள் நான் அவளுக்கு வைத்த பெயர் துறைக்காரி.

நான் நெருங்கிப் போய்க் குனிந்தேன். என்ன பார்க்கிறாள் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

துறையின் முனையில் ஒரு பழைய மரப்படகு கட்டிக் கிடந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று அதைச் சவாரிக்கு விடுவதில்லை. தினம் காலையில் துறைக்காரி பாதி வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை இறைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவாள். ஓடாத படகு, அதனால் அதன் அடிவயிறு முழுக்கப் பாசி. தண்ணீருக்குள் அது தாடிபோல, நெல் நாற்றுபோல, காற்றில்லாத இடத்தில் அசைகிற முடிபோல ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக்குள் மீன்கள். விரல் நீளம் இருக்கும். வாயை வைத்து ஒட்டி, ஒரு இழுப்பு இழுத்து, விலகி, மறுபடி ஒட்டி. பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் வெள்ளி பளிச்சிடும். மேலே வெயில், மலையில் வருகிற அந்த நீர்த்த வெயில். கீழே, படகின் நிழலில், ஒரு சத்தமில்லாத பந்தி.

இதை நான் பார்த்தது ஒரு மூச்சு நேரம்தான். என் நிழல் விழுந்ததும் ஒரு மீன்கூட இல்லை. பாசி மட்டும் ஆடியது. பேச்சும் நின்றுவிட்டது.

"அம்மா, நெழலு" என்றாள் மகள், தலையைத் திருப்பாமலே.

அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நான் பழனியில் பிறந்தவள். கல்யாணமாகி மலை ஏறி, இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகச் சேர்ந்து, ஸ்வெட்டருக்குள்ளேயே நடுவயதை எட்டிவிட்டேன். கணவருக்குத் தாண்டிக்குடியில் காப்பித் தோட்ட மேற்பார்வை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் வந்து, திங்கட்கிழமை வெள்ளனே போய்விடுவார். மீதி நாளெல்லாம் வீட்டில் நானும் மகளும். இரண்டு பேர், ஒரு ஹீட்டர், ஒரு ஜன்னல். அவள் பேசவில்லை என்றால் அந்த வீட்டில் பேச வேறு ஆள் கிடையாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பழனியில் என் அண்ணனுடைய பஞ்சாமிர்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. வாசலிலேயே காலேஜ் பஸ் நிற்கும். அண்ணி வாய்க்கு ருசியாகச் சமைப்பாள். நான் நினைத்தால் பஸ் பிடித்துச் சாப்பாட்டு வேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எல்லாம் பேசி வைத்துவிட்டேன். அவளிடம் சொன்னபோது "பாக்கலாம்" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் மனசில் இருப்பதை அவள் என்னிடம் சொல்ல வேண்டும். என்னிடம். முதலில்.

இப்போது தெரிந்துவிட்டது, சொல்லுவதெல்லாம் எங்கே போகிறது என்று.

"அங்க போயி அப்படி என்னதான் பேசுவ?" என்று மறுநாள் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல.

"சும்மா கதைப்போம்."

கதைப்போம். தட்டு என் கையில் ஒரு கணம் நின்றது. எங்கள் குடும்பத்தில், என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ஒருவர்கூட கதைத்தது கிடையாது. பேசியிருக்கிறோம், திட்டியிருக்கிறோம், முணுமுணுத்திருக்கிறோம். என் வயிற்றில் பிறந்தது இன்னொருத்தியின் சொல்லை வாயில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

"பேசுவோம்னு சொல்லு" என்றேன்.

"ம்" என்றாள்.

இரவில் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப உனக்குப் பொறாமை அந்தம்மா மேலயா, மீனு மேலயா? அதத் தெளிவாச் சொல்லு மொதல்ல" என்றார். தோட்டத்துக் குளிரில் அவர் சிரிப்பது கரகரவென்று கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு பேர் மேலும்தான். அந்தப் படகு மேலும்தான். அசையாமல் கட்டிக் கிடப்பதைத் தவிர ஒன்றும் செய்யாத ஒரு மரக்கட்டை. அதனிடம் எல்லாரும் போகிறார்கள்.

அப்போதுதான் பொரி ஞாபகம் வந்தது.

பழனியில் மீன் என்றால் எங்களுக்குக் குளத்து மீன். குளத்து மீன் என்றால் பொரி. அடிவாரத்தில் பொரிப் பொட்டலம் வாங்கி ஒரு கை வீசினால் போதும், தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் திரண்டுவரும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து, வட்ட வட்டமாய்த் தண்ணீரை உறிஞ்சி. மீனைக் கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் வேறு வழி இருப்பதாக எந்தப் பழனிக்காரரும் நினைக்க மாட்டார். நான் மட்டும் என்ன விதிவிலக்கு?

மறுநாள், மகள் எழுவதற்கு முன்னால், கடைத்தெருவில் ஒரு பெரிய பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு துறைக்குப் போனேன். ஏரி இன்னும் பனிக்குள்தான் இருந்தது. குதிரைகள் மட்டும் சாலை ஓரத்தில் நின்று மூச்சை ஊதிக்கொண்டிருந்தன. என் திட்டம் எளிது. மீன்களை மேலே வரவழைப்பேன். கொத்துக் கொத்தாக வரும். மகள் வந்து பார்ப்பாள். "அம்மா, எப்படிம்மா?" என்பாள். அந்தக் கேள்வி ஒன்று கிடைத்தால் அதிலிருந்து பிடித்துக்கொண்டு நான் மீதியைப் பேசிவிடுவேன்.

வீசினேன். பொரி தண்ணீரில் விழுந்து, வெள்ளை வெள்ளையாய் மிதந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு கை. இன்னும் இரண்டு கை. கீழே அந்த விரல் மீன்கள் தலைகீழாகப் பாசியில் ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு அன்னதானமே நடக்கிற சேதி தெரியாமல், இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. தண்ணீரின் மேற்பரப்பு என்று ஒன்று இருப்பதைப் பற்றியே அவற்றுக்கு அக்கறை இல்லை. பொட்டலத்தையே கவிழ்த்தேன். காற்று எழுந்தது. போட்ட பொரி முழுவதும் ஒரு கம்பளம்போல நகர்ந்து துறையின் மூலையில் போய் அடைந்தது.

"என்னாங்க டீச்சர், இது என்ன சாமிக் குளமா?"

துறைக்காரி. கையில் தண்ணீர் இறைக்கிற கேன். ஒரு காதில் இயர்போன், இன்னொரு ஒயர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மீனுக்குத்தான்" என்றேன்.

"அதுக ஏறெடுத்தும் பாக்காதுங்க. வள்ளத்து அடியிலயே அதுகளுக்குச் சாப்பாடு. இப்ப இது ஊறி நாறுமே. மேனேஜர் வந்தா என்னைய தான் கத்துவாரு." வலைக்கரண்டியை எடுத்து வந்து மூலையில் ஊறிக்கொண்டிருந்த பொரியை அள்ள ஆரம்பித்தாள். நான் உதவி செய்யவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்துவிட்டாள். நான் டிக்கெட் ரூமுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று கேட்காதீர்கள், கால்தான் நகர்ந்தது.

"இதென்னக்கா, பொரியா? யாரு போட்டா?"

துறைக்காரி வலையைத் தட்டினாள். "யாரோ டூரிஸ்ட்டு, புள்ள. பழனிக்குப் போயிட்டு வந்த கூட்டமா இருக்கும்."

"லூசுங்க" என்று சிரித்தாள் என் மகள்.

துறைக்காரி காட்டிக்கொடுத்திருந்தால் அவளை நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். காட்டிக்கொடுக்கவில்லை. என் மகளிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிற இடத்திலும் அவளே போய் நின்றுகொண்டாள். அதைப்போல எரிச்சல் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அடுத்த வாரம் அண்ணன் கடையிலிருந்து வந்த பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். "எனக்கு சுகருங்க டீச்சர்" என்று வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல், அப்படியே மேனேஜர் மேஜையில் வைத்தாள். கடன் தீரவில்லை.

பிறகு சீசன் நெருங்கியது. சீசனுக்கு முன்னால் படகுகளையெல்லாம் கரையேற்றி, கவிழ்த்துப் போட்டு, அடிப்பாசியைச் சுரண்டி, பெயிண்ட் அடிப்பார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் கூட்டம் அதிகம் வரும் என்று, கட்டிக் கிடந்த அந்தப் பழைய படகையும் மேனேஜர் விடவில்லை. ஓட்டையை அடைத்து அதையும் தண்ணீரில் இறக்கச் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நகக்கண்ணில் பச்சை. கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

விஷயம் எனக்கு, ஏரிக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அந்தப் படகை மட்டும் விட்டுவிடச் சொல்லித் துறைக்காரியிடம் இவள் கெஞ்சியிருக்கிறாள். அவள், "அப்படி எல்லாம் முடியாது புள்ள, என் சோலி போயிரும்" என்று சொல்லிவிட்டு, இவள் கண் முன்னாலேயே தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாளாம்.

என்ன சொல்ல. உள்ளே எனக்கு ஒரு விளக்கு எரிந்தது. அடைக்கு அரைத்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி சின்ன வெங்காயம் அதிகம் போட்டு, ஓரம் முறுகலாய் எடுத்தேன். இனி என்ன, இங்கேதானே வந்தாக வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். காத்திருந்தேன். இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டு.

சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். போய்ப் படுத்துவிட்டாள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். முன்பாவது எங்கேயோ ஒரு இடத்தில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, நான் போய் ஒளிந்து நின்றாவது கேட்கலாம். இப்போது அதுவும் இல்லை.

துறைக்குப் போனேன். தோற்றுப்போனவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை.

படகு கவிழ்ந்து கிடந்தது. வெளியே எடுத்த பாசிக்கு அழகில்லை. சுரண்டிப் போட்ட குவியல் வெயிலில் காய்ந்து, பழுப்பாகி, ஈரத் துணி மக்கிய வாசம் அடித்தது. துறைக்காரி மண்டியிட்டு மீதிப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கல்லில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் ஓடிய சீரியலில் யாரோ ஒரு மாமியார் கோபமாகத் திரும்பி, திரும்பி, இன்னும் ஒரு முறை திரும்பினாள்.

"இப்பல்லாம் வர்றதில்ல போல" என்றேன்.

"கோவத்துல கெடக்கு. வரும்." கை நிற்கவில்லை.

"உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாளோ?"

"எதைங்க?"

"எல்லாத்தையும்."

"எனக்கு எங்கங்க கேக்குது. ஒரு காதுல சீரியலு. மத்த காதுல பாதி விழும், பாதி தண்ணியில போயிரும். அது பாட்டுக்கு மீனைப் பாத்துக் கதைச்சுக்கிட்டே இருக்கும்."

பாதிக் காது. என் மகள் கொட்டியதெல்லாம் ஒரு பாதிக் காதில். முழுசாய் இரண்டு காதை வைத்துக்கொண்டு நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட என்னை அவள் நேராகவே அடித்திருக்கலாம்.

"காலேஜைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

தகடு நின்றது. "சொல்லுச்சு."

"என்னன்னு?"

"அதுக்குன்னு ஒரு வாய் இருக்குங்களே" என்றாள். பிறகு போனைப் பார்த்தபடியே, "நீங்க டீச்சரு. கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கிறது உங்களுக்குப் பழகிப் போச்சு. பதில் தெரியாத புள்ள பெஞ்சு மேல ஏறி நிக்கும், பாவம்" என்றாள்.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மாமியார் மறுபடியும் திரும்பினாள்.

ஓட்டை அடைத்த படகைத் தண்ணீரில் இறக்கினால் உடனே சவாரிக்கு விடமாட்டார்கள். துறையில் கட்டியபடியே இரண்டு மூன்று பேரை உள்ளே உட்கார வைத்து, கனத்துக்கு எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். துடுப்பு கிடையாது. போக வேண்டிய இடம் கிடையாது. சும்மா உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சோலிக்கு மகளைப் போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள் துறைக்காரி. மகளும் போனாள். கோபம் அவ்வளவுதான் தாங்கியது. பின்னாலேயே நானும் போனேன்.

"டீச்சர், நீங்களும் ஏறுங்க. இந்தப் புள்ள காத்து மாதிரி இருக்கு, கனமே பத்தாது. உங்க மாதிரி ஆளு இருந்தாத்தான் வள்ளம் உண்மையச் சொல்லும்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். நீலப் பெயிண்ட் வாசம். படகு ஒரு முறை ஆடி அடங்கியது. துறைக்காரி கரையில் போய் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

"பலகையைப் பாருங்க. முத்து மாதிரி தண்ணி வந்துச்சுன்னா வெரசா சொல்லுங்க" என்றாள்.

இரண்டு பேரும் குனிந்து பலகையைப் பார்த்தோம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. கேட்க நூறு கேள்வி இருந்தது. நாக்கை மடித்து வைத்துக்கொண்டேன். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்பது மாதிரி, வாயை மூடிக்கொண்டு, நேரத்தைப் போக விட்டேன். மிதி படகு ஒன்று கடந்து போனது. அதன் அலை வந்து எங்களைத் தொட்டு, தூக்கி, இறக்கியது.

மகள் ஓரத்தில் கையை விட்டுப் படகின் அடியைத் தடவினாள். "வழவழன்னு இருக்கு. இப்ப ஒண்ணும் வராது."

படகு சாயாமல் நான் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"மொதல்ல பழுப்பாப் படியும். அப்பறம்தான் பச்சை. பச்சை வந்தா மீனு வரும்." கையை உதறினாள். "அதுக்குள்ள நான் போயிருவேன்."

பலகையையே பார்த்தேன். ஆணித் தலைகள். புது பெயிண்ட். என் செருப்பு.

"அம்மா, நான் மாமா வீட்டுக்குப் போகல. எனக்கு மீனைப் பத்திப் படிக்கணும். கடல் பக்கம் காலேஜ் இருக்கு, ஹாஸ்டல் இருக்கு. நீ அழுவேன்னு சொல்லல." மூச்சு வாங்கினாள். பிறகு அந்தக் குரல் வந்தது. நான் ஒளிந்து நின்று கேட்ட அதே குரல், நிறுத்தாமல். என்ன மார்க் வேண்டும், எப்போது விண்ணப்பம் திறக்கும், அங்கே கப்பல் அடியில் எப்படியெல்லாம் பாசியும் சிப்பியும் ஒட்டும், அதைத் தின்ன எந்த மீனெல்லாம் வரும். இது எல்லாம் கரையில் இருக்கிறவளுக்குத் தெரிந்த கதை. எனக்கு இரண்டாவதாக வருகிறது. பழைய சோறுதான். ஆனால் நான் பசியில் இருந்தேன்.

"அப்ளிகேஷன் போட்டா ஓடிபி உன் நம்பருக்குத்தான் வரும். நீதான் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

சரி. அது ஒன்றாவது முதலில் எனக்கு வருகிறது.

அழவில்லை. கடலை நினைத்தேன். இதுவரை பார்த்திருக்கிறேன், கால் நனைத்திருக்கிறேன், கோபமென்று ஒன்றும் இல்லை. இப்போது அதன்மேலும் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய தண்ணீர், அதற்கு என் பிள்ளையும் வேண்டுமா.

அப்போதுதான் பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்தில், இரண்டு பலகை சேருகிற இடத்தில், முத்து மாதிரி ஒரு துளி. அது பெருத்து, உடைந்து, கோடாகி ஓடியது. பின்னாலேயே அடுத்தது. சொன்னால் துறைக்காரி இறங்கச் சொல்லுவாள். படகைக் கரையேற்றுவார்கள். மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மீன், அதன் வாய் கீழ்ப்பக்கம் இருக்குமாம்.

செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலை நகர்த்தி அந்த இடத்தின் மேல் வைத்து அழுத்தினேன். ஏரித் தண்ணீர் உள்ளங்காலில் ஊசியாய் ஏறியது.

"ஒழுகுதாங்க டீச்சர்?" கரையிலிருந்து குரல் வந்தது.

"இல்ல" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."